நிகழ்வின் தன்மை

இரவு பதினொன்று பத்துக்குச் சத்தம்.
வெடித்தது எது என்று தெரியும்வரை
'வெடிச்சத்தம்' என்று எழுதக் கூடாது என்பார்
ரேஞ்சர் அந்தோணிராஜ்.
ஆகவே சத்தம்.
ஒடுகத்தூர் சரகம், பீட் நான்கு,
ஓடைக்கு மேற்கே சரிவு.

நானும் வாட்சர் வேடியப்பனும்.
ஒரு டார்ச், ஒரு லத்தி,
பாதி தண்ணீரோடு ஒரு பாட்டில்.
பன்றி அடிபட்டால் அலறல் வேறு மாதிரி இருக்கும்,
இது பன்றி இல்லை
என்றார் வேடியப்பன், ஓடிக்கொண்டே.

உண்ணிச்செடிப் புதரோரம் உட்கார்ந்திருந்தான்,
வலது கையை இடது கையில்
அடுத்த வீட்டுக் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு.
பக்கத்தில் கோணிப்பை.
உள்ளே கோழிக்குடல் சுற்றிய அவுட்டுக்காய் ஐந்து.
ஆறாவது முந்திக்கொண்டது.

"ஓடாதே" என்றேன், பழக்கத்தில்.

பெயர் தசரதன்.
ஊர் பள்ளிகொண்டா பக்கம்.
தொழில் ஆம்பூரில் ஷூவுக்கு சோல் ஒட்டுவது,
ஆர்டர் இல்லாமல் நாலு மாசமாக வீட்டில்.
எந்தக் கையால் ஒட்டுவான் என்று நான் கேட்கவில்லை.

முதலுதவி ஒரு செவ்வாய்க்கிழமை,
கைது செய்யும் முறை அடுத்த வியாழக்கிழமை.
பயிற்சியில் அப்படித்தான் நடத்தினார்கள்.
வேடியப்பன் துண்டைக் கிழித்தார்.
விலங்கு இடுப்பிலேயே கிடந்தது,
மாட்டுவதற்குக் கை வேண்டுமே.

பாறைமேல் ஏறினால் ஒரு கோடு சிக்னல்.
நூற்றெட்டில் பேசிய பெண் சொன்னாள்:
"விரல் கிடைச்சா சுத்தமான துணியில சுத்தி
கவர்ல போட்டு ஐஸ்ல வைங்க மேடம்."
அடுத்த அழைப்பில் ரேஞ்சர் சொன்னார்:
"சம்பவ இடத்துல எதையும் தொடாதே."
ஐஸ்.
ஜவ்வாது மலையில், சித்திரை மாத நடுச்சாமத்தில்.

தொட்டேன்.
மண்டியிட்டுத் தேடினேன், டார்ச்சைப் பல்லில் கடித்து.
ஒன்று கல்லின்மேல், யாரோ வைத்துவிட்டுப் போனதுபோல.
இன்னொன்று சருகுக்கு அடியில்,
நகக்கண்ணில் பழைய பசை.
மூன்றாவதை எறும்புகள் எனக்கு முன்பே கண்டிருந்தன.
அவற்றுக்கு மகஜர் எழுதும் வேலை இல்லை.

பாதி தூரம் நடந்தான்,
மீதி வேடியப்பன் முதுகில்.
"அக்கா, கேஸ் போடுவீங்களா?"
"போடுவேன்."
கொஞ்ச தூரம் போய்,
"தண்ணி குடுப்பீங்களா?"
"நாக்கு நனையிற அளவுக்கு."
அடிவாரத்தில் ஆம்புலன்ஸ் நீலமாகச் சுழன்றுகொண்டிருந்தது.
ஏற்றும்போதுதான் சொன்னான்:
"இன்னும் ரெண்டு வெச்சிருக்கேன்,
ஓடைத் தண்ணிக்கு அந்தாண்ட, சாய்ஞ்ச புங்கமரத்தடி.
விடிஞ்சா ஆடு வரும்."

அதைச் சொல்லாமலும் போயிருக்கலாம் அவன்.

அவனோடு அடுக்கம்பாறைக்கு வேடியப்பன் போனார்,
துணையாகவா காவலாகவா என்று
அவருக்கும் தெரியாது.
நான் திரும்பி ஏறினேன்.
புங்கமரத்திலிருந்து இருபது தப்படி தள்ளி
லத்தியை ஊன்றி நின்றேன்.
கொசு, ஒரு தடவை மரநாய், அப்புறம்
என் வயிற்றுச் சத்தம்.

ஐந்தேகாலுக்கு ஊத்தியம்மாவின் ஆடுகள் வந்தன,
நாற்பதும் தாகத்தோடு.
கையை விரித்து மறித்தேன்.
"தண்ணிக்குக்கூட சட்டமா?" என்றாள்,
பிறகு என் பிறப்பைப் பற்றி நிறையச் சொன்னாள்.
வெடி என்றால் நம்பவில்லை.
காப்புக்காட்டில் மேய்ச்சலும் குற்றம்தான்.
அதை அன்று நான் எழுதவில்லை.

ஒன்பது மணிக்கு வெடி அகற்றும் போலீஸ்.
கைப்பற்றியவை: ஏழு.
ஆஸ்பத்திரியில் ஒரு விரல் ஒட்டியது,
இன்னொன்று கறுத்துவிட்டது.

பதிவேட்டில் ஏழாம் பத்தி:
'நிகழ்வின் தன்மை: குற்றம் / விபத்து.
பொருந்தாததை அடிக்கவும்.'
இரண்டு தடவை திருப்பி அனுப்பினார் ரேஞ்சர்,
ஒன்றை அடி என்று.
மூன்றாம் தடவை அவரே பேனாவைத் திறந்தார்,
கொஞ்ச நேரம் பார்த்தார்,
மூடிக்கொண்டு டீ சொன்னார்.

ஊத்தியம்மா மட்டும்
இப்போதும் என்னைக் கண்டால்
வழியை விட்டு இறங்கி, ஆடுகளிடம்
சத்தமாகச் சொல்லிக்கொண்டு போகிறாள்:
"பாத்து வாங்கடீ,
தண்ணிய மறிக்கிறவ நிக்கிறா."